தேக்கைக் கலைத்தால் என்ன ஆகும்?

இரண்டு மீட்டருக்கு ஒன்றாகத் தேக்குக் கன்று நட்டால் ஒரு ஹெக்டேரில் 2,500 மரம் நிற்கும். முதல் சில ஆண்டுகளுக்கு இந்த நெருக்கம் நல்லதுதான். நிழல்பட்ட பக்கக் கிளைகள் காய்ந்து உதிர, மரம் நெட்டுக்குத்தாக எழும். தலைகள் ஒன்றோடொன்று முட்டியதும் வெயிலுக்கும் நீருக்கும் போட்டி தொடங்கிவிடும். உயரம் பெரும்பாலும் மண்வளத்தைப் பொறுத்தது. நெருக்கத்தால் அடிபடுவது பருமன். அதனால்தான் இடையிடையே சில மரங்களை வெட்டிக் கலைத்துவிடுகிறார்கள்.

எப்போது கலைப்பது, எத்தனையை எடுப்பது? இது பழைய கேள்வி. மலபார் ஆட்சியர் கோனோலியும் சாத்து மேனனும் நிலம்பூரில் 1840களிலேயே தேக்குத் தோட்டம் போட்டார்கள். நடும் வித்தை அன்றே கைவந்துவிட்டது. கலைக்கும் கணக்கை மரங்களிடமே கேட்டறிய வேண்டியிருந்தது.

கேட்கும் முறை இதுதான். ஒரே வயதுத் தோட்டத்தைப் பல பாத்திகளாகப் பிரிப்பார்கள். ஒன்றில் லேசாக, ஒன்றில் நடுத்தரமாக, இன்னொன்றில் அதிகமாகக் கலைப்பார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பாத்தியைத் தொடாமல் விடுவார்கள். பாத்தியின் ஓர மரங்களுக்குப் பக்கத்துப் பாத்தியின் வெளிச்சமும் கிடைக்கும் என்பதால் அவை கணக்கில் சேராது. உள்ளே நிற்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண் எழுதி, தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் வண்ணக்கோடு இடுவார்கள். எத்தனை ஆண்டு கழித்து யார் வந்து அளந்தாலும் நாடா அதே கோட்டில்தான் விழ வேண்டும்.

சில மரங்களில் சுருள்வில் பூட்டிய உலோகப் பட்டையைக் கட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் மரம் பருக்கப் பருக்க வில் நீளும். இலையுதிர்ந்த கோடையில் மரப்பட்டையும் தண்டும் நீரிழந்து சுருங்க, சுற்றளவு சற்றுக் குறைந்தும் போகும். அதனால் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் அளந்தால்தான் கணக்கு நேராகும்.

பழைய கதை தெரிய வேண்டுமானால் உட்குழல் கொண்ட துளைப்பானை மரத்துக்குள் திருகுவார்கள். பென்சிலைவிட மெல்லிய மரக்குச்சி ஒன்று வெளியே வரும். தேக்கில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் பெரிய நீர்க்குழாய்களின் துளைகள் வரிசையாக இருக்கும். நெருக்கத்தில் வாழ்ந்த ஆண்டுகளின் வளையங்கள் நெருங்கிக் கிடக்கும். கலைத்த பின், தலை விரிந்து இலைப்பரப்பு கூடக் கூட, வளையங்கள் அகலமாகும்.

அளவு மீறினாலும் கெடுதல்தான். திடீரென வெயில் பட்ட அடிமரத்தில் புதுக் கிளைகள் வெடிக்கும். பலகையில் முடிச்சு விழும். ரொம்பத் தாமதித்தாலோ, சிறுத்துப்போன தலையை விரிக்க மரத்துக்கு நெடுநாள் பிடிக்கும்.

வயலில் தேக்கு வைத்திருப்பவர்கள் பலர், வளர்ந்த மரத்தை வெட்ட மனம் வராமல் எல்லாவற்றையும் விட்டுவைக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: தலைகள் முட்டத் தொடங்கியதும் வளைந்ததையும் நோஞ்சானையும் முதலில் எடுங்கள். நிற்கும் மரம்தான் உங்களுக்குப் பலகை தரும்.