பதினோரு பேரும் தரங்கம்பாடியும்!

கல்யாணம், காதுகுத்து, கோயில், ஆஸ்பத்திரி... இந்த நாலைத் தவிர வேறு எதற்காவது நீங்கள் வெளியூர் போய் எத்தனை வருஷமாச்சு? திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பெண்களிடம் இதைக் கேட்டபோது பாதிப் பேர் பதில் சொல்லவில்லை. அன்றே முடிவு செய்தோம். பதினோரு பேர், மாசம் ஆளுக்கு 200 ரூபாய். ஒரு வருஷத்தில் 26,400 ரூபாய் சேர்ந்தது.

கொடைக்கானலும் பழனியும் நமக்குப் பக்கத்து ஊர்கள். "கடல் பார்க்கணும்" என்றார் எங்களில் மூத்த அக்கா. வயசு 62. ராமேஸ்வரத்தில் அவசரமாக முங்கி எழுந்ததோடு சரி, நின்று பார்த்ததே இல்லையாம். பள்ளிப் பாடத்தில் படித்த தரங்கம்பாடிக்கே போவது என்று தீர்மானமாயிற்று.

வீடுகளில் எதிர்ப்புக்குக் குறைவில்லை. "பொம்பளைங்க மட்டும் ராத்திரியில கிளம்புறதா?" அக்காவின் கணவர் காலமாகி மூன்று வருஷம். அதன்பிறகு அவர் கோயிலுக்குக்கூடத் தனியாகப் போனதில்லை. மகன் முடியவே முடியாது என்றுவிட்டார். நாலு பேராகப் போய் உட்கார்ந்தோம். டிரைவர் போன் நம்பர், வேன் நம்பர், திரும்பும் நேரம் எல்லாம் எழுதிக் கொடுத்தோம். பிறகுதான் அரைமனதாகச் சம்மதித்தார். பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரிகள், வீட்டுச் சாவியை ஆண்களிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்!

நள்ளிரவில் புறப்பட்டு திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகக் காலையில் போய்ச் சேர்ந்தோம். ஊர் நுழைவாயிலே வெள்ளை வெளேரென்று நிற்கிறது, 1792-ல் கட்டியது. உள்ளே நேரான, அமைதியான தெரு. அதன் கோடியில் கடலைப் பார்த்தபடி டேனிஷ் கோட்டை.

வடக்கு ஐரோப்பாவில் இருக்கும் டென்மார்க் நாட்டுக்காரர்கள், தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் கட்டிய கோட்டை இது. நம்ம ஊர் மலைக்கோட்டையைவிடக் கொஞ்சம்தான் இளையது. நாயக்கர் அனுப்பிய தங்கத் தகட்டு ஓலை இன்றும் கோபன்ஹேகன் நகரில் பத்திரமாக இருக்கிறது. மிளகும் துணியும் ஏற்றிப் போன கப்பல்கள் அங்கே போய்ச் சேரப் பல மாதங்கள் ஆகுமாம். 1845-ல் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். "இன்னைக்கு அந்தக் காசுக்கு நம்ம தெருவுல அரை வீடு கூட வராது" என்றாள் ஒருத்தி. ஒரே சிரிப்பு!

டென்மார்க் அரசர் அனுப்பி 1706-ல் வந்தவர் ஜெர்மனியில் பிறந்த சீகன்பால்கு. திண்ணைப் பள்ளியில் குழந்தைகளோடு உட்கார்ந்து, மணலில் எழுதித் தமிழ் படித்தவர். இங்கேயே அச்சுக்கூடம் வைத்து 1715-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1718-ல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்தில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். 1707-லேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் இது என்று கேட்டதும் அக்கா மெல்லச் சொன்னார்: "எங்கப்பா என்னை அஞ்சாங் கிளாஸோட நிறுத்திட்டாரு." யாருக்கும் பேச வரவில்லை.

கடலோரம் மாசிலாமணிநாதர் கோயில். பாண்டியர் காலத்தது. பழைய கோயிலின் பெரும்பகுதியை அலைகள் கொண்டுபோய்விட்டன. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. மீனவர் தெருவில் பெண்கள் மீன் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். கடலிடம் இழந்தும் கடலை நம்பியே வாழ்கிற மனசு!

புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பிறகு அக்கா புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கால் நனையக் கடலோரம் அரைமணி நேரம் நின்றார். யாரும் கூப்பிடவில்லை. "இந்த மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் நல்லா மூச்சு விட்டேன்" என்றார் வேனில் ஏறும்போது.

நீங்களும் போக நினைத்தால் சில யோசனைகள். கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை நாள் எது என்று முன்பே விசாரியுங்கள். கழிப்பறை எங்கே என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நம்மைப் பாதி ஊர்களுக்குப் போகவிடாமல் தடுப்பதே அதுதான். தண்ணீர், தொப்பி அல்லது குடை அவசியம். கடலில் காலை மட்டும் நனையுங்கள், குளிக்க இறங்க வேண்டாம்.

முக்கியமாக, உங்கள் தெருவிலும் வாசலைத் தாண்டாத ஓர் அக்கா இருப்பார். அவருக்காக நாலு பேர் போய்ப் பேசுங்கள். ஒருத்தி கேட்டால் மறுக்கிற வீடு, நாலு பேர் கேட்டால் யோசிக்கும்!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.