பட்டாளம் வளர்த்த கோலி

வல்லம் வடகால் சிப்காட்டில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து லைன் பையன்களுக்குக் கோல் போஸ்டில் நிற்கச் சொல்லித்தருவேன். உயரமான பையன் எவனாவது வந்துவிட்டால் பீட்டர் தங்கராஜ் கதையை ஆரம்பித்துவிடுவேன்.

“யாருண்ணே அவரு?”

1935-இல் ஐதராபாத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் அவர் கோலியே இல்லை, கோல் அடிக்கிற சென்டர் ஃபார்வர்டு. பட்டாளத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்காக ஆடினார். அங்கேதான் கையுறைக்கு மாறினார். கல்கத்தா கிளப்புகள் கோலோச்சிய டூரண்ட் கோப்பையை அந்த மையம் 1955, 1958 என்று இரண்டு தடவை தூக்கியது. 1958-இல் ஆசியாவின் சிறந்த கோலி என்று பெயர் வாங்கினார்.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியிலும் இருந்தார். அந்த ஊர்க்காரர்களுக்குக் கால்பந்து என்றால் நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஆடும் வேறு ஆட்டம். நம் ஆட்டத்தில் இந்தியா ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல் போட்டார். கடைசியில் நமக்கு நான்காம் இடம்.

பெரிய நாள் 1962 செப்டம்பர் 4, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதி ஆட்டம். இஸ்ரேலையும் தைவானையும் சேர்க்காத போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்று பெயர் எதற்கு என இந்தியப் பிரதிநிதி ஜி.டி. சோந்தி கேட்டிருந்தார். ஊரே கொதித்துப்போய், இந்தியா பந்தைத் தொட்டாலே அரங்கம் கூச்சல் போட்டது. எதிரே, முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று அடித்திருந்த தென்கொரியா. நம் கோச் ரஹீமுக்குப் புற்றுநோய். தலையில் தையலோடு முன்வரிசையில் இறங்கினார் பின்கள வீரர் ஜர்னைல் சிங். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. கோல் போஸ்டில் தங்கராஜ். கொரியாவால் ஒன்றுதான் திருப்ப முடிந்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு நமக்குத் தங்கம் வரவில்லை. ரஹீம் மறுவருஷமே போய்விட்டார்.

தங்கராஜ் கல்கத்தாவின் பெரிய கிளப்புகளுக்கு ஆடி, 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். ஆட்டத்தை விட்டபின் கோவாவில் வாஸ்கோ கிளப்புக்குக் கோச், அப்புறம் பொகாரோ உருக்காலைக்குக் கோச். 2008-இல் பொகாரோவிலேயே காலமானார்.

தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிற எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். ஆட வந்தவருக்குப் பட்டாளம் சோறு போட்டது. ஆடி முடித்தவரை ஒரு ஆலை வைத்துக்கொண்டது. திறமை அவருடையது, கவலையில்லாமல் பழகும் நேரம் அவர்கள் கொடுத்தது.

எங்கள் சிப்காட்டில் 2024-இல் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் என்னிடம் வரும் கான்ட்ராக்ட் பையனுக்கு மேட்ச் அன்றைக்கு ஓ.டி. போட்டால் மேட்ச் போச்சு, லீவு எடுத்தால் சம்பளம் போச்சு. கம்பெனிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்தட்டும். ஆடுகிற நாளுக்குச் சம்பளம் பிடிக்காமல் இருக்கட்டும். கோலிகளை நாங்கள் தயார் செய்கிறோம்.