முழங்கையில் காணாமற்போகும் எலும்பு

திரேஸ்புரத்தில் கரையேற்றிய வள்ளத்தில் ஏறிக் குதிக்கும் பிள்ளைகள் தவறி விழும்போது கையை ஊன்றித்தான் விழுவார்கள். வீங்கிய முழங்கையோடு ராத்திரி கேஷுவாலிட்டிக்கு வந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள். பணியில் இருக்கும் இளம் டாக்டருக்குச் சோதனை அங்கேதான். பெரியவர்களின் முழங்கையில் தெரியும் பல பகுதிகள் ஐந்து வயதுப் பிள்ளையின் படத்தில் தெரியாது. அவை இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும்; சுண்ணாம்புச் சத்து ஏறாத குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது.

முழங்கையில் 6 மையங்களில் எலும்பு தனித்தனியே உருவாகிறது. சுமாராக 1, 3, 5, 7, 9, 11 வயதுகளில் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். வயது முன்பின் ஆகலாம், வரிசை அநேகமாக மாறாது. உட்பக்கக் குமிழ் 5 வயதில், அதையடுத்த கப்பி எலும்பு 7 வயதில். விழுந்த வேகத்தில் அந்தக் குமிழ் பிய்ந்து மூட்டுக்குள் செருகிக்கொண்டால், கப்பி எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். படம் நார்மல் என்று அனுப்பிவிடுவார்கள். ‘7 வயசு எலும்பு வந்துடுச்சு, 5 வயசு எலும்பு எங்கே?’ என்று கேட்கத் தெரிந்தவர்தான் கண்டுபிடிப்பார். சந்தேகம் தீராவிட்டால் மறுகையையும் படமெடுத்து ஒப்பிடலாம்.

தலைகீழாகவும் நடக்கும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்குப் பாதத்தின் வெளியோரம், சுண்டுவிரலுக்குப் பின்னுள்ள எலும்பின் அடியில் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும். அது வளர்ச்சிக் கோடு; முறிவு பெரும்பாலும் குறுக்கே ஓடும். தெரியாதவர் மாவுக்கட்டுப் போட்டுவிடுவார்.

டொரண்டோவின் எலும்பு டாக்டர்கள் சால்ட்டரும் ஹாரிஸும் 1963-ல் எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதியான வளர்ச்சித் தட்டின் காயங்களை 5 வகையாகப் பிரித்தார்கள். முதல் வகையில் எலும்பு விலகாவிட்டால் படத்தில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். விரல் வைத்து அழுத்தும்போது பிள்ளை எங்கே அலறுகிறதோ, அதுதான் சாட்சி. பிள்ளையைத் தொடாமல் படத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கருத்துக் கேட்பது, என்னைக் கேட்டால், அரைகுறை வைத்தியம்.

‘நார்மல்’ என்றதும் நம் பக்கத்தில் அடுத்த நடை எண்ணெய்க்கும் தப்பைக்கட்டுக்கும்தான். வீக்கத்தின் மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, தசை செத்து, விரல்கள் மடங்கியே நின்றுவிடும். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த பிள்ளைகளுக்கு இந்த ஆபத்து அதிகம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: படம் நார்மல் என்றாலும் வலி தணியாவிட்டால் ஒரு வாரத்துக்குள் மறுபடி காட்டுங்கள். விரல் மரத்துப்போனாலோ, வெளுத்தாலோ, நீட்டினால் துடித்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள்.