நந்திதுர்க் சுரங்கக் கழிவு மேடு

எதிரே சாம்பல் நிறத்தில் நிற்பது இயற்கைக் குன்று அன்று; நந்திதுர்க் சுரங்கத்தில் வெட்டிய பாறையை மாவாகப் பொடித்து, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய மண். ஊரார் இதனைச் சயனைடு மேடு என்பர்.

கோலார் தங்க வயலில் 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் காலூன்றிய தொடக்கக் காலத்தில், பொன்னைப் பிடித்தது பாதரசமே. இடியந்திரங்கள் நசுக்கிய பாறைக்குழம்பு பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் வழிந்தோட, பொன் துகள்கள் அதில் ஒட்டி வெண்ணெய்போல் திரளும்; அத்திரளைச் சுரண்டி, தோலில் பிழிந்து, வாலையிலிட்டுக் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகப் பிரிந்து பொன் மிஞ்சும். 1890களில் வந்த சயனைடு முறை எஞ்சிய பொன்னையும் கரைத்தெடுத்தது. மேட்டுக்குப் பெயரும் அதுவே தந்தது, பாதரசத்தை எவரும் நினைப்பதில்லை.

தகட்டில் தங்காமல் கழிவோடு போகும் பாதரசம் அழிவதில்லை. காற்றுப்புகாத ஏரிச்சேற்றிலும் கடலோரச் சதுப்பிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக, அதாவது தசையில் சேர்ந்து தங்கும் நஞ்சாக, மாற்றுகின்றன. பாசி, புழு, சிறுமீன், விரால், கொக்கு என உண்பவை தோறும் அதன் செறிவு ஏறுகிறது. ஆலைக்கழிவு கலந்த ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில், 1956-இல் மனிதரிடம் இந்நஞ்சால் வந்த நோய் அறியப்படுமுன்பே, மீன் தின்ற பூனைகள் தள்ளாடி விழுந்தன.

நந்திதுர்க் உள்ளிட்ட சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. மேட்டின் சரிவில் தெரியும் கீறல்கள் மழைநீர் அரித்த தடங்கள்.