பதித்த அடுப்பைக் கழற்றுமுன்...

புதுச்சேரி முல்லா வீதியில் உள்ள என் தங்கை வீட்டில், நோன்புப் பெருநாளுக்கு முன் சமையலறைக்கு வெள்ளையடிக்க முற்பட்டார்கள். கிரானைட் மேடையில் பதித்திருந்த கண்ணாடி அடுப்பை எடுத்தால்தான் அதன் பின்சுவரைப் பூச இயலும். மருமகன் மேடைக்கடியில் புகுந்து அடுப்பை மேல்நோக்கித் தள்ளினான். ரெகுலேட்டரை மூடியிருக்கவில்லை. அடுப்போடு ரப்பர் குழாயும் இழுபட்டு, சற்று நேரத்தில் வாடை எழுந்தது. அந்தி நேரம். அவன் கை விளக்கின் ஸ்விட்சை நோக்கிப் போகையில், "போடாதே வாப்பா, வெளியே வந்துவிடு!" என்று தங்கை கூவினாள். அல்ஹம்துலில்லாஹ், ஒன்றும் நேரவில்லை.

அன்புச் சகோதரிகளே! சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போய்விடாது; தரையோடு படிந்து நிற்கும். மேடைக்கடியிலுள்ள மூடிய அலமாரியோ அதற்கு வாய்த்த கிணறு போன்றது. 14.2 கிலோ சிலிண்டரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டாலும் அணைத்தாலும் தெறிக்கும் சிறு பொறி போதும். வாடை வந்தால் கதவு, சன்னல்களைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தெரிவியுங்கள்.

ஆகவே அடுப்பைத் தொடுமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். ஒரு பர்னரைப் பற்றவைத்து, குழாயில் எஞ்சிய வாயு எரிந்து தானே அணையும்வரை காத்திருங்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடியை இட்டு, சிலிண்டரை நிமிர்ந்த நிலையிலேயே வெளியே கொண்டுபோங்கள். அடுப்பில் மின்சாரப் பற்றவைப்பு இருப்பின் பிளக்கையும் பிடுங்கவேண்டும். இதற்குப் பின்னரே குழாயின் கிளிப்பையும், அடிப்புறத்துத் திருகாணிகளையும் தளர்த்தலாம். விளிம்பைச் சுற்றிய சிலிக்கான் பசையை மெல்லிய கத்தியால் அறுத்துவிட்டு, இருவராக ஏந்தித் தூக்குங்கள். இத்தகைய கண்ணாடி நடுவில் கனத்த பாத்திரத்தைத் தாங்கும். விளிம்பில் சிறு அடி பட்டாலோ நொறுங்கிவிடும்.

நம் ஊரின் உப்புக்காற்றை வேறு சொல்லவேண்டும். திருகாணிகள் துருவேறி இறுகியிருக்கும். சுத்தியலால் தட்டுவது ஆண்பிள்ளைகளின் வழக்கம். துருநீக்கும் எண்ணெயைச் சில துளிகள் விட்டு ஒரு மணி நேரம் பொறுப்பதே மேல்.

அலமாரியில் பொருத்திய ஓவனுக்கு வாயுத் தொல்லை இல்லை. மின்சாரமும் கனமுமே தொல்லை. எம்.சி.பி.யை அணைத்தபின் கதவைத் திறந்தால், பக்கச் சட்டங்களில் திருகாணிகள் தென்படும். உள்தட்டுகளை முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். அலமாரியின் உயரத்திற்கு ஒரு மேசையை ஒட்டிப் போட்டு, இருவர் பக்கவாட்டில் பிடித்து அதன்மேல் நகர்த்தவேண்டும். கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுக்கலாகாது. மைக்ரோவேவாயின் அதன் உலோகக் கூட்டை ஒருபோதும் திறவாதீர்கள்; பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் கெப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கத்தக்க மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

மீண்டும் பொருத்தும்போது இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிக் குமிழ் எழுகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

தங்கை வீட்டு அடுப்பை, மறுநாள் கேஸ் ஏஜென்சியின் மெக்கானிக் வந்துதான் பொருத்தினார். பழைய குழாயில் அச்சிட்டிருந்த ஆண்டைப் பார்த்தார். ஐந்தாண்டு என்றோ கடந்திருந்தது. ஒன்றும் பேசாமல் அதை இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புதியதைப் பொருத்தினார்.