குலுக்கினால் கை இறுகுமா?

சிங்கப்பூரின் மார்சிலிங் லேன் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், எங்கள் புளோக் கீழ்த்தளத்துத் தூணோரம் எப்போதும் ஏதாவது இருக்கும். நாற்காலி, மீன்தொட்டி, பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வேண்டாமென்று விட்ட சைக்கிள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். போன மாதம் அங்கே ஒரு டம்பெல் கிடந்தது. இரண்டு முனையிலும் ஸ்பிரிங். தூக்கி ஓர் ஆட்டு ஆட்டினால் மேலும் கீழும் குலுங்கிக்கொண்டே இருக்கும். பெட்டி புத்தம் புதிதாக இருந்தது. மேலே ஸ்லீவ்லெஸ் போட்ட ஒரு பெண், பக்கத்தில் "தினமும் 6 நிமிடம் போதும்" என்று பெரிய எழுத்து.

எங்கள் மாடி அக்காவும் அதைப் பார்த்திருக்கிறார். மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, கீழ கெடக்குதே, அது நெசமாவே வேலை செய்யுமா? செய்யும்னா எடுத்துட்டு வந்துடுறேன். ரவிக்கை போட்டா கைச்சதை தொங்குது, கோயிலுக்குப் போகவே கூச்சமா இருக்கு." நான் வாயைத் திறப்பதற்குள் எட்டாம் மாடி வந்துவிட்டது. அன்று சொல்ல முடியாமல் போன பதில் இது. மின்தூக்கிக்குள் அடங்கியிருக்காது என்பதும் உண்மை.

முதலில் தொங்குவது எது என்று பார்த்துவிடலாம். ஒரு கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பின்பக்கத்தில், மறுகையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். மெத்தென்று விரலுக்குள் வருவது தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும். உடற்கொழுப்பை அளப்பவர்கள் கிடுக்கி வைக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. பிடியை விடாமல் முழங்கையை விறைப்பாக நீட்டுங்கள். கிள்ளிய சதைக்கு அடியில் கெட்டியாக ஒன்று எழும்பும். அதுதான் டிரைசெப்ஸ், முத்தலைத் தசை. மேற்கைத் தசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அதுதான். கதாநாயகர்கள் கையை மடக்கிக் காட்டும் பைசெப்ஸ் அதற்குத் தம்பி.

ஆக, "டோன்" என்று விளம்பரம் சொல்லும் ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. அடியிலுள்ள தசை கெட்டிப்பட வேண்டும். மேலுள்ள கொழுப்பு குறைய வேண்டும். முதல் வேலையைக் கைக்குப் பயிற்சி கொடுத்துச் செய்யலாம். இரண்டாவதைக் கையால் மட்டும் செய்ய முடியாது. கடைக்காரர்கள் முதலாவதைக் கொஞ்சம் செய்யும் பொருளைக் காட்டி, இரண்டாவதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிறார்கள்.

இரண்டாவது வேலை ஏன் நடக்காது என்பதற்கு நல்ல சாட்சி டென்னிஸ் ஆட்டக்காரர்கள். வருடக்கணக்கில் ஒரே கையால் மட்டை வீசுகிறவர்கள். அந்தக் கையில் கொழுப்பு கரைந்திருக்க வேண்டுமல்லவா? 1971இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் அவர்களுடைய இரு கைகளையும் அளந்து பார்த்தார்கள். ஆடும் கை பருத்திருந்தது, தசையால். தோலடிக் கொழுப்பின் தடிப்போ இரண்டு கையிலும் ஒன்றுபோலவே இருந்தது. 2007இல் வந்த இன்னோர் ஆய்வில் 104 பேர் 12 வாரம் ஒரு கைக்கு மட்டும் எடைப் பயிற்சி செய்தார்கள். முன்னும் பின்னும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்ததில், பயிற்சி செய்த கையில் தனியாகக் கொழுப்பு குறையவில்லை. இதில் சுவாரசியம் என்னவென்றால், கிடுக்கியால் கிள்ளி அளந்தபோது ஆண்களுக்கு மட்டும் அந்தக் கையில் குறைந்ததுபோலத் தெரிந்தது. எம்ஆர்ஐ இல்லையென்று சொல்லிவிட்டது. "4 வாரத்தில் இத்தனை சென்டிமீட்டர்" என்று அளவுநாடாவோடு வரும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிடுக்கிதான் ஞாபகம் வரும்.

காரணம் எளிது. நம் வீட்டுக் குழாயைத் திறந்தால் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் வருகிறது. பக்கத்து வீட்டு வாளி குறைவதில்லை. உடம்பிலும் அப்படித்தான். தசைக்கு எரிபொருள் தேவைப்படும்போது அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் உடம்பு முழுக்க உள்ள கொழுப்புச் செல்களுக்குத் தகவல் சொல்கின்றன. அவை கொழுப்பமிலத்தை ரத்தத்தில் விடுகின்றன. தசை ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் இறங்கும், எது கடைசிவரை அடம்பிடிக்கும் என்பதைப் பரம்பரையும் பாலினமும் வயதும் முடிவு செய்கின்றன. நம்மில் பலருக்குக் கையும் வயிறும்தான் அடம்பிடிக்கும் இடங்கள். அநியாயம்தான், என்ன செய்ய.

இப்போது கீழ்த்தளத்து டம்பெல்லுக்கு வருவோம். அந்த வகைக்கு மூதாதை 2009இல் அமெரிக்காவில் வந்த ஷேக் வெயிட். பெண்களுக்கானது இரண்டரை பவுண்டு, நம் கணக்கில் 1.1 கிலோ. ஆண்களுக்கு அதில் இரண்டு மடங்கு. விளம்பரத்தைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை; சிரித்தவர்களே வாங்கவும் செய்தார்கள். 2010 ஆகஸ்டுக்குள் விற்பனை 4 கோடி அமெரிக்க டாலர். அதைக் குலுக்கும்போது தசை சும்மா இருப்பதில்லை, அதையும் சொல்ல வேண்டும். எடை அலைபாயாமல் பிடிக்கக் கையும் தோளும் இறுகத்தான் வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை எரியும். அதே 1.1 கிலோ சாதா டம்பெல்லைச் சும்மா தூக்கி இறக்குவதைவிட இது கூடுதல் வேலை என்றால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் 1.1 கிலோ என்பது எவ்வளவு? ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அதைவிடக் கனம். அக்கா சந்தையிலிருந்து இரு கையிலும் தூக்கிவரும் பைகள் அதைப்போல நாலைந்து மடங்கு. தசை வளர்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு: இன்றைக்குச் சிரமப்பட்ட கனம் அடுத்த மாதம் இலேசாகிவிட்டால், கனத்தைக் கூட்ட வேண்டும். குலுக்கும் டம்பெல்லில் கூட்ட வழியில்லை. மூன்றாவது வாரம் அது பழகிவிடும். பழகியபின் கை இறுகாது, மணிக்கட்டுதான் வலிக்கும். இன்னொரு குறை, முழங்கை அதிகம் மடங்கி நீள்வதே இல்லை. குட்டி அசைவு. டிரைசெப்ஸுக்குப் பிடித்தது முழு நீட்டல். அந்த ஆறு நிமிடத்தில் எரியும் கலோரி ஒரு கோப்பை தே தாரிக் தேநீருக்குக்கூட ஈடாகாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரம் பாய்ச்சும் ஒட்டுப்பட்டைகள் வேறு ரகம். பட்டாம்பூச்சி வடிவில் ரப்பர், நடுவில் பொத்தான், கையில் ஒட்டிவிட்டு டிவி பார்க்கலாம். இது முழுப் பொய்யில்லை என்பதால்தான் ஏமாற்றுவது சுலபமாகிறது. மின்தூண்டல் தசையை உண்மையாகவே சுருங்கவைக்கும். பக்கவாதத்துக்குப் பின்போ மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பின்போ தானாக இயங்கச் சிரமப்படும் தசைக்கு இயன்முறை மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் வைக்கும் அளவில் தசை துடித்து எழும்புவது கண்ணுக்குத் தெரியும், சொகுசாகவும் இருக்காது. வீட்டில் நாம் வைத்துக்கொள்ளும் அளவோ கூச்சம் காட்டும் அளவு. அதில் தசை வளர வழியில்லை, கொழுப்பு கரைய வழியே இல்லை. 2002 மே மாதம் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இத்தகைய வயிற்றுப் பட்டைகளை விற்ற மூன்று பேர்மீது வழக்குப் போட்டது. உடற்பயிற்சியே இல்லாமல் வயிறு ஒட்டும், சில நிமிடம் நூற்றுக்கணக்கான சிட்-அப்புக்குச் சமம் என்றெல்லாம் விளம்பரம் செய்ததற்காக. பட்டையை வயிற்றிலிருந்து கைக்கு மாற்றிவிட்டால் உடற்கூறு மாறிவிடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தொடவே வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். உள்ளே சக்கரம் சுழலும் மணிக்கட்டுப் பந்து முன்கைக்கும் பிடிக்கும் நல்லது. தொங்கும் சதை இருக்கும் மேற்கைக்கு அதனால் ஒன்றும் இல்லை. வளைக்கும் ஸ்பிரிங் கம்பி உண்மையான பயிற்சிதான். ஆனால் பிடி நழுவினால் நேரே முகத்துக்கு வரும். அதிரும் பட்டை கட்டினால் அரிக்கும், அவ்வளவுதான். ரப்பர் பட்டை ஒன்றுதான் இந்தக் கூட்டத்தில் உருப்படியானது. மலிவு, அலமாரி மூலையில் அடங்கும், பலம் கூடக்கூடத் தடித்த பட்டைக்கு மாறிக்கொள்ளலாம். விளம்பரம்தான் கிடையாது.

இந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. ஸ்பிரிங் வைத்த டம்பெல்லை நூறு வருடத்துக்கு முன்பே ஊர் ஊராக விற்றவர் பயில்வான் யூஜின் சாண்டோ. இரண்டு பாதியாகப் பிளந்த இரும்பு, நடுவே ஸ்பிரிங், அமுக்கிக்கொண்டே கையை மடக்க வேண்டும். 1904-05இல் அவர் இந்தியாவைச் சுற்றிவந்தார். கருவிகள் எங்கே போயினவோ, பெயர் மட்டும் தங்கிவிட்டது. தேவர் பிலிம்ஸ் சின்னப்பா தேவர் சாண்டோ சின்னப்பா தேவர் ஆனார். கையில்லாத பனியன் இன்றும் சாண்டோ பனியன். சாண்டோவின் கை அந்தச் சின்ன ஸ்பிரிங்கால் வந்ததல்ல, பெரும் பாரங்களைத் தூக்கி வந்தது. அன்றைய விளம்பரமும் அதைச் சொல்லவில்லை. அதே காலத்தில் நம் ஊர் உடற்பயிற்சிச் சாலைகளில் கர்லாக்கட்டை சுழற்றியவர்களும் தண்டால் எடுத்தவர்களும் இருந்தார்கள். சின்னக் கட்டையில் தொடங்கிப் பெரிய கட்டைக்குப் போவதுதான் அவர்கள் முறை. கனத்தைக் கூட்டும் தத்துவம் அதற்குள்ளேயே இருந்தது.

சரி, அக்காவுக்கு வழி என்ன? தண்டாலையே நிமிர்த்திவைத்துத் தொடங்கலாம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோளுயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கையை விலாவோடு ஒட்டியபடி மடக்கி, முழுதாக நீட்டித் தள்ள வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை. மூச்சை அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் முக்கியமாக. கடைசி இரண்டு முறை திணறினால் சரியான அளவு. திணறலே இல்லையென்றால் சுவரைவிட்டு அடுப்படி மேடைக்கு இறங்கலாம். அது பழகினால் மார்சிலிங் பூங்காவில் பட்டாம்பூச்சி பார்த்துவிட்டு உட்காரும் பெஞ்சுக்கு. கடைசியில் தரை. ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடையில் கூடுதல் பங்கு கைமேல் ஏறுகிறது, காசில்லாமல். நாற்காலி விளிம்பைப் பின்கையால் பிடித்து இறங்கி ஏறும் பயிற்சியைப் பலர் சொல்வார்கள். தோள்பட்டை வலி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று சுற்று. சிங்கப்பூர் 2022இல் வெளியிட்ட உடலியக்க வழிகாட்டியும் பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியையே சொல்கிறது, கூடவே 150 முதல் 300 நிமிட மிதமான நடமாட்டம். கொழுப்புக் கணக்கு அந்த நடையிலும் தட்டிலும் இருக்கிறது. முதல் சில வாரம் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. பலம் கூடும், ஆனால் அது நரம்புகள் தசையை வேலை வாங்கக் கற்றுக்கொள்வதால். வடிவம் மாற இரண்டு மூன்று மாதம் ஆகும். பெட்டிமேல் "6 நிமிடம்" என்று அச்சடித்தவர்கள் எத்தனை மாதம் என்று அச்சடிப்பதில்லை. தசை வளர்ந்தால் கை அளவு சற்றுக் கூடினாலும் கூடும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு.

கை அழகுக்காகத் தொடங்கினாலும் இதில் எனக்கு வேறொரு கணக்கு உண்டு. முப்பதைத் தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை தேய்கிறது என்கிறார்கள். அறுபதுக்குமேல் இன்னும் வேகம். நாற்காலிக் கையை ஊன்றி எழுந்திருக்கும்போது தள்ளுவது இதே டிரைசெப்ஸ். ஐந்து கிலோ அரிசியை மேல்தட்டில் ஏற்றும்போதும் அதே.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே விற்பவர் பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் விவரம் சொல்லி விற்றால், பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வணிகம்) சட்டத்தில் அது நியாயமற்ற நடைமுறை. பொருள் பழுதென்றால் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது வாங்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். விளம்பரத்தைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்திருந்தால் பேச்சு எளிது, ஏனென்றால் அது மறுநாளே காணாமல் போகும். எங்கோ வெளிநாட்டிலிருந்து இணையத்தில் அனுப்பியவரைப் பிடிப்பதுதான் கடினம். பெரிய பெயர்களும் மாட்டியிருக்கின்றன: நடந்தாலே கால் இறுகும் என்று காலணி விற்றதற்காக அமெரிக்காவில் ரீபாக் 2011இல் இரண்டரைக் கோடி டாலருக்கும் ஸ்கெச்சர்ஸ் 2012இல் நான்கு கோடி டாலருக்கும் சமரசம் செய்துகொண்டன.

இதையெல்லாம் இரண்டு நாள் கழித்து அக்காவிடம் சொல்லி முடித்தபோது, அவர் அடுப்படி மேடையில் கையை ஊன்றி ஏழு முறை தள்ளிக் காட்டினார். எட்டாவதில் முழங்கை நடுங்கியது. "அப்ப அந்த டம்பெல்லை என்ன பண்றது?" என்றார். எடுத்துவந்துவிட்டிருக்கிறார். மறுநாள் பார்த்தேன், தரையைத் துடைத்த நேரத்தில் காற்றில் கதவு அறையாமல் இருக்க வாசலில் அண்டக் கொடுத்திருந்தார். கதவு ஆடும்போதெல்லாம் அது மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.