எக்காலத்துக் குழு பெரிது?

உதைபந்தாட்டப் பிரியர் இருவர் ஓரிடத்திற் கூடினால், இன்றைய குழு பெரிதா, அன்றைய குழு பெரிதா என்னும் வழக்கு எழாது போவதில்லை. இங்கிலாந்தில் இவ்வழக்கு ஏனைய நாடுகளிலும் பார்க்கப் பழமையானது. கழகங்கள் பருவம் முழுவதும் தம்முள் முறையாகப் பொருதும் லீக் என்னும் அமைப்பு உலகில் முதன்முதலாகத் தோன்றியது அங்கேயாம். அவ்வமைப்பின் முதலாவது பருவம் 1888-89. அப்பருவத்திலேயே ஒப்பற்ற குழுவொன்று தோன்றிவிட்டது.

அதுதான் பிறெஸ்ரன் நோர்த் எண்ட். லங்காஷயர்ப் பஞ்சாலை நகரமொன்றின் கழகம் அது. வில்லியம் சடெல் என்பார் ஸ்கொத்லாந்திலிருந்து திறமைமிக்க ஆட்டக்காரரைத் திரட்டி அதனை உருவாக்கினார். 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமநிலை. தோல்வி ஒன்றேனும் இல்லை. அடித்த கோல்கள் 74, விட்டுக்கொடுத்தவை 15. அன்றியும், அதே ஆண்டில் ஒரு கோலையும் விட்டுக்கொடாமல் எப்.ஏ. கிண்ணத்தையும் அக்குழு வென்றது. வெல்லப்படாதோர் என்னும் பட்டம் அவர்களுக்கு வாய்த்ததில் வியப்பில்லை.

இனி, 129 ஆண்டுகள் கழிந்த 2017-18ஆம் பருவத்தை நோக்குக. மான்செஸ்ரர் சிற்றி 38 ஆட்டங்களில் 100 புள்ளிகள் பெற்றது. வெற்றிக்கு மூன்று புள்ளி என்னும் இக்கால முறைப்படி, பெறத்தக்க 114 புள்ளிகளில் அது நூற்றுக்கு 87.7 பங்கு. பிறெஸ்ரனின் காலத்தில் வெற்றிக்கு இரண்டு புள்ளியே வழங்கப்பட்டது. அவர்களுடைய வெற்றிகளையும் இக்கால முறையிற் கணித்தால், 66 புள்ளிகளில் 58, அதாவது 87.9 பங்கு கிடைக்கும். இரு குழுவும் ஏறத்தாழ ஒரே படியில் நிற்கின்றன!

ஆயின், எண்கள் ஒத்தாலும் அவை அளந்த பொருள் ஒன்றன்று. 1888இல் லீக்கிற் சேர்ந்த 12 கழகங்களில் ஆறு லங்காஷயரைச் சேர்ந்தவை, ஆறு இங்கிலாந்தின் நடுப்பகுதியைச் சேர்ந்தவை. இலண்டனிலிருந்து ஒன்றேனும் வரவில்லை. கோல் கம்பங்களுக்கு வலை கட்டப்படவில்லை. தண்ட உதை என்பதும் இல்லை. இவ்விரண்டும் 1891இலேயே வந்தன. கோல் காப்பாளர் தம் பாதி மைதானத்தில் எங்கும் பந்தைக் கையாற் கையாளலாம் என்னும் விதி 1912 வரை நிலவியது.

விதியொன்று மாறினால் ஆட்டமே மாறும் என்பதற்கு 1925ஆம் ஆண்டைக் காட்டிலும் தெளிவான சான்று இல்லை. அதுவரை ஓவ்சைட் விதிப்படி, முன்னால் நின்று பந்தைப் பெறும் வீரருக்கும் எதிரணியின் கோட்டுக்குமிடையில் எதிரணியினர் மூவர் இருத்தல் வேண்டும். கோல் காப்பாளர் ஒருவர். மற்றைய இருவர் பின்காவல் வீரர். அவ்விருவருள் ஒருவர் உரிய கணத்தில் நான்கடி முன்வைத்தாற் போதும். தாக்க வந்தவர் குற்றவாளியாகிவிடுவார். நியூகாசிலைச் சேர்ந்த பில் மக்கிறாக்கன் இத்தந்திரத்தில் பெயர் பெற்றவர். ஆட்டம் நடுவரின் ஊதலால் ஓயாது தடைப்பட்டது. 1925இல் மூவர் என்பது இருவர் எனத் திருத்தப்பட்டது. முதற் பிரிவில் முந்திய பருவத்தில் 1,192 ஆக இருந்த கோல்கள் அடுத்த பருவத்தில் 1,703 ஆயின.

இவ்வெள்ளத்துக்கு அணை கட்டியவர் ஆர்சனல் முகாமையாளர் ஹேர்பேட் சப்மன். 1925 ஒக்ரோபரில் ஆர்சனல் நியூகாசிலிடம் ஏழு கோல்களாற் படுதோல்வி அடைந்தது. அதன்பின், அனுபவசாலியான சார்லி பக்கன் கூறிய யோசனையை ஏற்று, நடுவில் உலவிய சென்ரர் ஹாவ் வீரரைப் பின்னிழுத்து மூன்றாவது காவலராக நிறுத்தினார் சப்மன். அதனால் நடுவில் உண்டான வெற்றிடத்தை நிரப்ப முன்வரிசை வீரரொருவர் பின்வாங்கினார். பிற்காலத்தில் அப்பணியைச் செவ்வனே ஆற்றியவர் அலெக்ஸ் ஜேம்ஸ். எதிரணி முழுவதும் முன்னேறிவர விட்டு, பந்தைப் பறித்து, நீண்டதோர் உதையால் ஓரத்து வீரருக்கு அனுப்புவது அவர்களின் வழக்கம். அதிட்ட ஆர்சனல் என்று ஏசினோரும் உளர். எனினும் 1931, 1933, 1934, 1935 ஆகிய ஆண்டுகளில் வெற்றியாளர் அவர்களே. ஐந்தாண்டில் நான்கு முறை வருவதை அதிட்டம் என்பது பொருந்தாது. சப்மன் 1934 ஜனவரியில் இறந்தபின்னும் அவர் வகுத்த முறை வென்றது.

ஆகவே, ஒரு குழு தன் காலத்து விதிக்கு என்ன விடை கண்டது, தன் காலத்தாரிலும் பார்க்க எவ்வளவு உயர்ந்து நின்றது என்பனவே நேரிய அளவுகோல்கள். 1978-79இன் லிவர்ப்பூலை இவ்வாறு நோக்கலாம். 42 ஆட்டங்களில் அவர்கள் விட்டுக்கொடுத்தவை 16 கோல்களே. சொந்த மைதானத்தில் நான்கே. தம் குழுவினர் பின்னுக்கு உதைத்த பந்தைக் கோல் காப்பாளர் கையிலெடுக்கலாம் என்னும் சலுகை அன்று இருந்தது உண்மை. 1992இலேயே அது நீக்கப்பட்டது. ஆனால் அச்சலுகை எல்லார்க்கும் பொது. அவ்வாண்டு ஐரோப்பியக் கிண்ணத்தையே வென்ற நொட்டிங்ஹாம் பொறெஸ்ற், லீக்கில் 26 கோல்களை விட்டு, எட்டுப் புள்ளி பின்தங்கியது. 2003-04இல் ஆர்சனல் 38 ஆட்டங்களிலும் தோல்வி காணவில்லை. எனினும் 12 சமநிலை. நான்கு தோல்வி கண்ட லிவர்ப்பூலுக்கும் அதற்கும் புள்ளிப் பங்கில் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றளவே. தோல்வியின்மை என்னும் சொல்லின் கவர்ச்சி பெரிது. ஆயினும் அரண் என்ற வகையில் லிவர்ப்பூலுக்கே முதலிடம் தகும்.

ஆட்டக்காரரின் உடற்பாட்டையும் மறத்தலாகாது. 1965-66 வரை லீக்கில் மாற்று வீரர் இல்லை; காயமுற்றவர் நொண்டியபடியே ஓரத்தில் நிற்பார். 1956ஆம் ஆண்டு எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில், சிற்றியின் கோல் காப்பாளர் பேட் திறவுட்மன் கழுத்தெலும்பு முறிந்ததை அறியாமலே ஆடிமுடித்தார். அஸ்ரன் வில்லா 1980-81இல் 14 பேரை மாத்திரம் கொண்டு 42 ஆட்டங்களை ஆடி வெற்றியாளரானது. 2022-23 முதலோ ஓராட்டத்தில் ஐவரை மாற்றலாம்.

எவ்வளவுகோலுக்கும் அடங்காத குழுவொன்று உண்டு. மாற் பஸ்பி இளைஞரைக் கொண்டு வளர்த்த மான்செஸ்ரர் யுனைற்றெட், 1956இல் 11 புள்ளி வேறுபாட்டில் லீக்கை வென்றது. 1957இல் 103 கோல்களடித்து மீண்டும் வென்றது. லீக் அதிகாரிகளின் மறுப்பையும் மீறி ஐரோப்பியக் கிண்ணத்திற் புகுந்த முதல் ஆங்கிலக் குழுவும் அதுவே. 1958 பெப்ரவரி 6ஆம் நாள், பெல்கிறேட்டில் ஆடித் திரும்புகையில் அவர்களின் விமானம் மியூனிக்கில் விபத்துக்குள்ளாயிற்று. இறந்தோர் 23 பேர்; அவருள் ஆட்டக்காரர் எண்மர். டங்கன் எட்வேட்ஸ் பதினைந்து நாள் போராடி உயிர்நீத்தபோது அவருக்கு வயது 21. அக்குழுவின் உச்சம் எதுவென எவ்வட்டவணையும் கூறாது. பத்தாண்டுகளின்பின், 1968 மே மாதத்தில், பஸ்பியின் புதிய குழு வெம்பிளியில் பென்பிக்காவை 4-1 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. மியூனிக்கில் உயிர்தப்பியவருள் பில் போக்ஸ், பொபி சார்ள்ரன் ஆகிய இருவர் அன்று களத்தில் நின்றனர். நான்கு கோல்களில் இரண்டு சார்ள்ரன் அடித்தவை.